முதலில் எந்தப் போனுக்கு?

2010 அக்டோபர் 6-ஆம் தேதி இன்ஸ்டாகிராம் வெளிவந்தபோது ஐபோனில் மட்டும்தான் ஓடியது. ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தவர்கள் ஒன்றரை ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2012 ஏப்ரல் 3-ஆம் தேதி அவர்களுக்கான செயலி வந்ததும், ஒரு நாள் முடிவதற்குள் பத்து லட்சம் பேர் அதை இறக்கிக்கொண்டார்கள். ஆறே நாளில், நூறு கோடி டாலருக்கு இன்ஸ்டாகிராமை வாங்கப்போவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. அப்போது அங்கே வேலை பார்த்தவர்கள் 13 பேர்.

அந்தத் தாமதத்தில் நியாயம் இருந்தது. கெவின் சிஸ்ட்ரோமும் மைக் க்ரீகரும் தொடங்கிய சின்னக் குழு அது. எடுத்த படத்துக்கு மெருகேற்றி உடனே பகிர்வதுதான் செயலியின் உயிர். 2010 ஜூனில் வந்த ஐபோன் 4-இல் கேமரா நன்றாக இருந்தது. எல்லோர் கையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி போன் என்பதால், படம் எப்படி வரும் என்பது செயலி எழுதுகிறவருக்கு முன்பே தெரியும். ஆண்ட்ராய்டிலோ கம்பெனிக்கு ஒரு கேமரா, மாடலுக்கு ஒரு திரை அளவு. நாலைந்து பேர் இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்துப் பிடித்திருந்தால் இரண்டுமே அரைகுறையாகியிருக்கும்.

அதற்காக அமெரிக்காவில் எடுத்த முடிவை மதுரையிலோ திருப்பூரிலோ செயலி தொடங்குகிறவர் அப்படியே எடுக்க முடியாது. அமெரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட ஸ்மார்ட்போன்கள் ஐபோன்கள். இந்தியாவில் நூறு போனை எடுத்தால் தொண்ணூறுக்கும் மேல் ஆண்ட்ராய்டு. 2016 டிசம்பர் 30-ஆம் தேதி அறிமுகமான ‘பீம்’ பணப் பரிமாற்றச் செயலி முதலில் ஆண்ட்ராய்டில் மட்டுமே கிடைத்தது. ஐபோனுக்கு அடுத்த பிப்ரவரியில்தான் வந்தது. ஸ்மார்ட்போனே இல்லாதவர்கள் சாதா போனில் *99# அழுத்திப் பணம் அனுப்பவும் வழி இருந்தது. ஊருக்கெல்லாம் போய்ச் சேர வேண்டிய ஒரு சேவைக்கு அந்த வரிசைதான் சரி.

வாட்ஸ்அப் இதை இன்னும் தூரம் கொண்டுபோனது. 2009-இல் ஐபோனில் தொடங்கினாலும், அது அங்கேயே நிற்கவில்லை. பிளாக்பெரிக்குப் போனது, நோக்கியாவின் சிம்பியனுக்குப் போனது, பொத்தான் வைத்த எஸ்40 போன்களுக்கும் போனது. 2018-இல் ஜியோபோனிலும் ஏறியது. செய்தி அனுப்புகிறவரிடம் மட்டும் செயலி இருந்து என்ன பயன்? வாங்குகிற அப்பாவிடமும் அத்தையிடமும் அது இருந்தாக வேண்டும். இவற்றில் பல தளங்கள் பிறகு மறைந்துவிட்டன. 2017-இல் சிம்பியனுக்கும், 2019 முடிவில் விண்டோஸ் போனுக்கும் வாட்ஸ்அப் ஆதரவை நிறுத்திக்கொண்டது. ஆனால் போனை மாற்றியவர்கள், புதுப் போனிலும் முதலில் தேடியது வாட்ஸ்அப்பைத்தான். அழியப்போகும் தளத்துக்குச் செய்த வேலை எல்லாமே வீண் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

சரி, இந்தியாவில் ஆண்ட்ராய்டு என்று முடிவாகிவிட்டது. அதோடு வேலை முடிந்ததா என்றால், அங்கேதான் தொடங்குகிறது. மாத்திரை சாப்பிட நினைவூட்டும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். காலை எட்டு மணிக்கு மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். எழுதியவரின் போனில் அடிக்கிறது. மலிவு விலை போன் வைத்திருக்கும் பாட்டிக்கு அடிப்பதில்லை. காரணம் பேட்டரி. சார்ஜ் நீடிக்க வேண்டும் என்பதற்காகச் சில கம்பெனிகள், பின்னணியில் இருக்கும் செயலிகளைத் தாமாகவே நிறுத்திவிடும்படி போனை அமைக்கின்றன. செட்டிங்ஸுக்குள் போய் இந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் சரியாகிவிடும்; அந்த இடமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பாட்டிக்கு அதை யார் சொல்லிக்கொடுப்பது? அதனால்தான் அனுபவமுள்ள டெவலப்பர்கள் விலை உயர்ந்த ஒரே போனில் சோதித்துவிட்டுத் திருப்தி அடைவதில்லை. குறைந்த ரேம் உள்ள பழைய போன்கள் சிலவற்றையும் மேஜையில் வைத்திருக்கிறார்கள்.

எண்ணிக்கையைத் தாண்டி இன்னொரு கேள்வியும் உண்டு. செய்ய நினைப்பதை அந்தத் தளம் செய்ய விடுமா? தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ ஆண்ட்ராய்டில் முழு விசைப்பலகையாக இயங்கியது. எந்தச் செயலியிலும் நேராகத் தமிழில் எழுதலாம். ஐபோனிலோ 2014-இல் ஐஓஎஸ் 8 வரும்வரை வெளியார் விசைப்பலகைக்கு அனுமதியே இல்லை. செல்லினத்துக்குள் எழுதி, நகலெடுத்து, வேண்டிய இடத்தில் ஒட்ட வேண்டும். திறமை, உழைப்பு, மொழி எல்லாம் ஒன்றுதான். கதவு மட்டும் வேறு.

பணக் கணக்கும் சேர்ந்தே வரும். கூகுள் பிளேயில் டெவலப்பர் கணக்குத் திறக்க ஒரு தடவை 25 டாலர் போதும். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர், அதோடு ஐபோன் செயலியை உருவாக்கும் எக்ஸ்கோடு ஓட ஒரு மேக் கணினி. செயலிக்குள் சந்தா, விளையாட்டுக் காசு போன்ற டிஜிட்டல் பொருள் விற்றால் இரண்டு கடைகளும் பங்கு கேட்கும். நெடுங்காலம் அது 30 சதவீதமாக இருந்தது. 2021-இல் சிறியவர்களுக்கு 15 ஆகக் குறைந்தது. சேலை, சாப்பாடு, ஆட்டோ சவாரி போன்றவற்றுக்கு இந்தப் பங்கு கிடையாது. ஆகவே என்ன விற்கிறோம் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 2024 மார்ச் 1-ஆம் தேதி, கட்டணத் தகராறு முற்றி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட சில இந்திய நிறுவனங்களின் செயலிகளை பிளே ஸ்டோரிலிருந்து கூகுள் எடுத்துவிட்டது. மத்திய அரசு தலையிட்ட பிறகு அவை திரும்பின. பல ஆண்டுகள் வளர்த்த தொழிலுக்கே இந்த நிலை என்றால், கடை விதிகளைப் படிக்காமல் இறங்கும் புதியவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

ஒரு தடவை எழுதி இரண்டிலும் ஓட்டலாமே என்று கேட்பவர்களுக்கு, ஃபேஸ்புக் 2015-இல் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவும் கூகுளின் ஃப்ளட்டரும் கைகொடுக்கின்றன. ஆர்டர் எடுப்பது, பில் காட்டுவது, பாடம் நடத்துவது போன்ற வேலைகளுக்கு இவை தாராளமாகப் போதும். சின்னக் குழுவுக்குப் பெரிய வரம். ஆனால் கேமரா, புளூடூத் என்று போனின் உள்ளுறுப்புகளைத் தொடும்போது இரண்டு தளத்துக்கும் தனித்தனியாகக் கொஞ்சம் எழுதித்தான் ஆக வேண்டும். ரியாக்ட் நேட்டிவை ஆர்வத்தோடு எடுத்துக்கொண்ட ஏர்பிஎன்பி, 2018-இல் அதைக் கைவிட்டுப் பழையபடி தனித்தனிச் செயலிகளுக்கே திரும்பியது.

கடைசியாக, செயலியே வேண்டுமா என்பதையும் கேட்டுவிட வேண்டும். துணி விற்கும் மிந்த்ரா 2015 மே மாதம் தன் வலைத்தளத்தை மூடி, இனி செயலி மட்டுமே என்று அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் அதன் தாய் நிறுவனமான ஃபிளிப்கார்ட், எதையும் இறக்காமல் பிரவுசரிலேயே செயலி போல ஓடும் ‘ஃபிளிப்கார்ட் லைட்’டைக் கொண்டுவந்தது. 2016 ஜூனில் மிந்த்ராவும் கணினிக்கான வலைத்தளத்தைத் திரும்பத் திறந்தது. மாதம் ஒரு முறை மட்டும் எட்டிப் பார்க்கும் வாடிக்கையாளர், போனில் இடமில்லாமல் போனால் முதலில் நீக்குவது அப்படிப்பட்ட செயலியைத்தான். அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடிய ஒரு இணைப்பு போதும். அது ஐபோனிலும் திறக்கும், ஆண்ட்ராய்டிலும் திறக்கும்.