விழியின் பின்சுவரை அளத்தல்

கிட்டப்பார்வை என்றவுடன் மூக்குக் கண்ணாடியும், வைத்தியர் சீட்டில் எழுதித் தரும் 'பவரும்' நினைவுக்கு வருவது இயற்கையே. ஆனால் அந்த எண், தூரத்துப் பொருளின் உருவம் விழித்திரைக்கு முன்னதாகவே குவிந்துவிடுவதை ஈடுகட்ட எத்தகைய கண்ணாடி வேண்டும் என்று சொல்வதேயன்றி, விழிக்கோளத்தின் பின்புறத்தில் நிகழ்ந்துள்ள மாறுதலைக் காட்டுவதன்று. பிறந்த சிசுவின் கண் முன்பின்னாக 17 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும்; வளர்ந்தவரின் கண் சாதாரணமாக 24 மில்லிமீட்டர் அளவில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். அவ்வாறு நிற்க வேண்டிய கட்டத்தில் நில்லாமல் நீண்டுகொண்டே போவதுதான் பெரும்பாலான கிட்டப்பார்வைக்கு மூலகாரணம். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் கண்ணாடியின் எண் சுமார் இரண்டரை டயாப்டர் ஏறிவிடுகிறது.

உயிருள்ள மனிதனின் கண்ணை வெட்டாமல் அதன் நீளத்தை அறிவது எப்படி என்ற கேள்விக்கு விடை காண முயன்றவர்களின் துணிவு என்னை என்றும் வியப்பில் ஆழ்த்துவது. 1801-ல் லண்டனில் தாமஸ் யங் என்ற மேதை, தம் கண்ணை மூக்குப் பக்கமாக இயன்ற மட்டும் திருப்பிக்கொண்டு, ஒரு சாவியின் வளையத்தைக் கண்ணின் வெளிக்கோடி வழியாகச் செலுத்தி விழிக்கோளத்தின் பின்புறத்தை அழுத்தினார். அழுத்தத்தால் தோன்றிய ஒளிக்குறி பார்வையின் நடுமையத்தில் வந்து பொருந்திய தருணத்தில், அவ்விடத்திற்கும் கண்ணின் முன்புறத்திற்கும் உள்ள தூரத்தை அளந்து, 0.91 அங்குலம், அதாவது ஏறக்குறைய 23 மில்லிமீட்டர் என்று கண்டார். இன்றைய கருவிகள் காட்டும் சராசரிக்கு அது எவ்வளவு அருகில் இருக்கிறது!

1938-ல் இங்கிலாந்தில் ரஷ்டன் என்பவர் வேறொரு யுக்தியைக் கையாண்டார். இருளுக்குப் பழகிய கண்ணின்மீது பக்கவாட்டிலிருந்து தகடு போல் மெல்லிய எக்ஸ்-கதிர்க் கற்றை ஒன்றை விழச் செய்தால், அது விழித்திரையைச் சந்திக்கும் இடமெல்லாம் சேர்ந்து ஓர் ஒளிவளையமாக அந்த மனிதருக்கே தென்படும். கதிரைப் பின்னோக்கி நகர்த்த நகர்த்த வளையம் சுருங்கி, ஒரு புள்ளியாகி, மறைந்துபோகும். மறையும் அந்த ஸ்தானமே விழித்திரையின் கடைசி எல்லை. ஸ்வீடனில் ஸ்டென்ஸ்ட்ரோம் இதே முறையில் ஆயிரம் கண்களை அளந்து 1946-ல் வெளியிட்டார். பின்னர் ஒலியலையின் எதிரொலியும், அதன்பின் ஒளிக்கிரணமும் எக்ஸ்-கதிரின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இப்பொழுது குழந்தைகூடக் கண்ணை விழித்துச் சில விநாடிகள் உட்கார்ந்தால் போதும்.

ஆனால் நீளம் கதையின் பாதிதான். சப்பாத்தி மாவைத் தேய்க்கத் தேய்க்கப் பரப்பு விரிந்து கனம் குறைவது போல, கண் நீள நீள அதன் பின்சுவரிலுள்ள படலங்கள் மெலிந்துகொண்டே போகின்றன. விழித்திரைக்கு அடியில், ரத்த நாளங்கள் நிறைந்து அதன் வெளிப்பகுதிக்குப் போஷணை அளிப்பது கோராய்டு என்னும் படலம். பார்வையின் மையத்திற்கு அடியில் அது சாதாரணமாகக் கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே இருக்கும். கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்களிடத்தில் 0.1 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு.

இத்தகைய சூக்ஷ்மமான அளவுகளை நமக்குக் கொடுத்தது, 1991-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபூஜிமோட்டோவும் அவருடைய சகாக்களும் உலகுக்கு அறிவித்த ஓ.சி.டி. கருவி. கண்ணுக்குப் புலப்படாத செந்நிறத்துக்கு அப்பாற்பட்ட ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்குள்ளும் மற்றொன்றைப் பிரதிபலிக்கும் கண்ணாடி ஒன்றை நோக்கியும் அனுப்பி, திரும்பிவரும் இரண்டையும் ஒன்றோடொன்று கலந்து, எந்தப் படலம் எத்தனை ஆழத்தில் உள்ளது என்று மைக்ரான் கணக்கில் அது சொல்லிவிடும். எனினும் கோராய்டின் நிறமிகள் ஒளியைச் சிதறடித்தமையால் அப்படலத்தின் உருவம் மங்கலாகவே இருந்தது. 2008-ல் நியூயார்க்கில் ஸ்பெயிட் என்ற கண் வைத்தியர், கருவியைக் கண்ணுக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுசென்று, தலைகீழாக விழும் படத்தை எடுத்தால், கருவியின் கூர்மை மிகுந்த பகுதி கோராய்டின்மீது வந்து பொருந்தும் என்று கண்டுகொண்டார். புதிய யந்திரம் ஏதுமின்றி, இருந்த யந்திரத்தையே நகர்த்தி வைத்ததால் கிடைத்த பேறு அது.

படலத்தின் கனம் நாள் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பகலில் மெலிந்து இரவில் சற்றே தடிக்கிறது என்பதால், ஒரே குழந்தையை வெவ்வேறு வேளைகளில் அளந்து ஒப்பிடுவது தவறான முடிவுக்கே கொண்டுபோகும். கனத்தை விட்டு, படத்தில் தெரியும் பகுதிகளின் அகலத்தை அளப்பதில் மற்றோர் அபாயம் உண்டு. கருவி சராசரி நீளமுள்ள கண்ணை மனத்தில் கொண்டே கணக்கிடுவதால், நீண்ட கண்ணின் பார்வை நரம்புத் தலை உள்ளதைவிடச் சிறியதாகப் படத்தில் பதிகிறது; கண்ணின் நீளத்தைச் சேர்த்துத் திருத்தாத எந்த அகல அளவையும் நம்புவதற்கில்லை.

கோராய்டு மெலிவது நோயின் விளைவு மட்டுமா, அல்லது வளர்ச்சியையே நடத்திச் செல்லும் கருவியா என்ற விசாரணைக்குக் கோழிக்குஞ்சுகள் உதவின. நியூயார்க்கில் வால்மன் முதலியோர் 1995-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உருவம் விழித்திரைக்கு முன்னால் விழும்படி கண்ணாடி மாட்டப்பட்ட குஞ்சுகளின் கோராய்டு தடித்து, விழித்திரையையே முன்னால் தள்ளியது. எதிரான கண்ணாடிக்கு அது மெலிந்தது. மனிதக் கண்ணிலும் இதே இயல்பு, மிகச் சிறிய அளவில், பின்னர் காணப்பட்டது. குழந்தைகளின் கிட்டப்பார்வையைத் தடுக்க முயலும் வைத்தியர்கள் இப்படலத்தை இவ்வளவு சிரத்தையோடு கவனிப்பது இதனால்தான்.

லேசர் சிகிச்சையால் கண்ணாடியைக் கழற்றிவிட்டவர்கள் ஒன்றை மறக்கலாகாது: அச்சிகிச்சை கண்ணின் முன்புறமுள்ள கார்னியாவைத்தான் செதுக்குகிறது, நீண்ட கண் நீண்டபடியேதான் இருக்கிறது, மெலிந்த பின்சுவரும் மெலிந்தபடியேதான். ஆகவே கடுமையான கிட்டப்பார்வை இருந்தவர்கள், கண்ணாடி அணிந்தாலும் அணியாவிட்டாலும், ஆண்டுக்கொரு முறை மருந்திட்டுப் பாவையை விரித்து விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். திடீரென்று மின்னல் போன்ற ஒளியோ, மிதக்கும் கரும்புள்ளிகளோ, திரை விழுவது போன்ற மறைப்போ தோன்றினால் அன்றைக்கே கண் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.