சின்ன ஊரா, பெரு நகரமா?



எமது வானொலிக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்றை இந்த மாத உரைக்கு எடுத்துக்கொள்கிறேன். "பிள்ளைகள் சின்னன். ஒஸ்லோவில் வீடு வாங்கக் கட்டுப்படியாகவில்லை. வடக்கே ஒரு சின்ன ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. போகலாமா?" என்று இங்கே வளர்ந்த இளம் பெற்றோர் கேட்கிறார்கள். வடக்கில் மிஞ்சியிருக்கும் எம்மவர் சிலரோ, "இனியாவது ஒஸ்லோவுக்கு வந்து சேரலாமா?" என்று கேட்கிறார்கள்.

நான் இரண்டு இடத்திலும் வாழ்ந்தவன். 1987 முதல் எட்டு வருடம் பின்மார்க்கில் ஒரு மீன்பிடி ஊரில் இருந்தேன். அதன் பின்னர் ஒஸ்லோவில் இருக்கிறேன். இரண்டையும் நிறுத்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: ஊரின் பருமனைப் பார்க்கும் முன்னர், உங்கள் வீட்டில் யாருக்கு என்ன வயது என்று பாருங்கள். ஒரே ஊர் ஒரு வயதில் வரமாகவும் இன்னொரு வயதில் பாரமாகவும் இருக்கும்.

வடக்கே போனதும் திரும்பி வந்ததும்

1980களில் எம்மவரில் பலர் நோர்வேக்கு மாணவர்களாக வந்தார்கள். நாட்டுப்புறங்களில் இருந்த மக்கள் உயர்பாடசாலைகள் அவர்களுக்கு இடம் கொடுத்தன. அதே காலத்தில் பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் ஆள் பற்றாக்குறை. உள்ளூர் இளையவர்கள் தெற்கே போக, அந்த இடத்தில் நாங்கள் போய் நின்றோம். வார்டோ, போட்ஸ்பியோர்ட், ஹமர்பெஸ்ட் என்று, யாழ்ப்பாணத்தில் ஒருவரும் கேள்விப்படாத பெயர்கள் எங்கள் கடித உறைகளில் முகவரியாயின.

1989, 1990 ஆண்டுகளில் பாரன்ட்ஸ் கடலில் கொட் மீன் குறைந்து, பிடிக்கும் அளவு கடுமையாக வெட்டப்பட்டது. தொழிற்சாலைகள் பல ஆட்டங்கண்டன. ஒரே தொழிலை நம்பிய ஊரில் அந்தத் தொழில் படுத்தால், கணவன் மனைவி இருவருக்கும் ஒரே நாளில் வேலை போகும். எம்மவர் தெற்கே நகரத் தொடங்கியதற்கு இது ஒரு காரணம். பிள்ளைகளின் படிப்பும் உறவுகளின் அருகாமையும் மற்றக் காரணங்கள்.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் ஊரில் பதினைந்து தமிழ்க் குடும்பங்கள் இருந்தபோது சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடந்தது. நான்கு குடும்பங்கள் போனதும் படிப்பித்தவரும் போய்விட்டார், வகுப்பு நின்றது. வகுப்பு நின்றதும் இன்னும் மூன்று குடும்பங்கள் போயின. ஆகவே சின்ன ஊருக்குப் போக நினைப்பவர்கள் இன்று அங்கே எத்தனை தமிழ்க் குடும்பம் இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு என்ன வயது என்றும் கேளுங்கள். எல்லோருக்கும் பதினைந்து வயது என்றால், நீங்கள் போய்ச் சேரும்போது அவர்கள் வெளிக்கிட்டு விடுவார்கள்.

பிள்ளைகள் சின்னனாக இருக்கும் காலம்

பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சின்ன ஊர் நல்ல இடம் என்றே நான் சொல்வேன். பாடசாலை நடந்து போகும் தூரம். ஆசிரியர் கடையிலும் உங்களைச் சந்திப்பார். என் மனைவி மொழி படித்தது மீன் வெட்டும் மேசையில், பக்கத்தில் நின்ற நோர்வேஜியப் பெண்களிடம். இன்றைக்கும் அவர் பேச்சில் வடக்கு வாடை உண்டு. ஆனால் மேசையின் இரு பக்கமும் தமிழரே நின்ற தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கு இந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. சின்ன ஊர் தானாக மொழியைத் தராது. ஆட்களோடு பழக வழி இருந்தால் தரும்.

காசுக் கணக்கும் இந்தக் காலத்துக்குச் சாதகம். பின்மார்க்கும் வட துறொம்ஸ் பகுதியும் 1990 முதல் சிறப்புச் சலுகை வலயமாக உள்ளன. பொது வருமானத்தின் மீது நாட்டின் மற்றப் பகுதிகளில் 22 வீத வரி, அங்கே 18.5 வீதம். படிப்புக் கடனில் ஆண்டுதோறும் ஒரு பகுதி தள்ளுபடியாகும். வீட்டு மின்சாரத்துக்குப் பெறுமதிசேர் வரி இல்லை. 2023 ஓகஸ்ட் முதல் அந்த வலயத்தில் சிறுவர் பராமரிப்பு நிலையமும் இலவசம்.

வீட்டுக் கடனையும் பாருங்கள். வங்கி பொதுவாக வருட வருமானத்தின் ஐந்து மடங்குக்கு மேல் கடன்பட விடாது. கார்க் கடனும் படிப்புக் கடனும் இதற்குள் அடக்கம். 2024 டிசம்பர் 31 முதல் வீட்டு விலையில் குறைந்தது 10 வீதம் கைக்காசாக இருக்க வேண்டும். அதற்கு முன் 15 வீதம். இருவருமாக ஒன்பது இலட்சம் குரோனர் உழைக்கும் குடும்பத்துக்கு உச்சக் கடன் 45 இலட்சம். ஐந்து இலட்சம் கையில் இருந்தால் 50 இலட்சத்துக்கு வாங்கலாம். அந்தக் காசுக்கு ஒஸ்லோவில் மாடிக்குடியிருப்பில் ஒரு சிறிய வீடு. வடக்கின் மீன்பிடி ஊர்களில் முற்றத்தோடு தனிவீடு. ஆனால் அங்கே வாங்குவது சுகம், விற்பது கடினம். தொழிற்சாலை மூடினால் ஊரே ஒன்றாக வீட்டை விற்க நிற்கும். ஆகவே வீட்டில் ஒருவருக்காவது வைத்தியசாலை, பாடசாலை, கொம்யூன் போன்ற இடத்தில் நிலையான வேலை இருந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் முதல் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி பிற்பகுதி வரை சூரியன் எழும்பாத ஊரில் உங்கள் மனம் எப்படி இருக்கும் என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

அகதியாக அண்மையில் குடியமர்த்தப்பட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2004 முதல் அறிமுகப் பயிற்சித் திட்டம், உங்களை ஏற்றுக்கொண்ட கொம்யூனோடு சேர்ந்தது. அதை முடிக்காமல் நீங்களாக வேறு ஊருக்குப் போனால், புதிய கொம்யூன் அதைத் தொடர்ந்து தரும் என்ற உறுதி இல்லை. முதலில் எழுத்தில் கேட்டு அறியுங்கள்.

பதினாறு வயதுக்குப் பின்

பல சின்னக் கொம்யூன்களில் பத்தாம் வகுப்புடன் பாடசாலை முடிந்துவிடும். மேல்நிலைக் கல்விக்குப் பிள்ளை பதினாறு வயதில் வேறு ஊருக்குப் போய் அறை எடுத்துத் தனியே தங்க வேண்டும். நோர்வேஜியக் குடும்பங்களுக்கு இது வழக்கமான விடயம். அரசும் உதவிப்பணம் தருகிறது. எங்களில் எத்தனை பேர் ஒரு பெண்பிள்ளையை அப்படி அனுப்ப மனம் ஒப்புவோம்? பலர் வெளிக்கிட்டது இந்த இடத்தில்தான். பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது தடுமாறாமல், ஆறாம் ஏழாம் வகுப்பிலேயே இதைப் பேசி முடிவு செய்யுங்கள். நடுவில் மாற்றினால், பதின்ம வயதில் நண்பர்களை இழந்து பிள்ளை தனித்துப் போகும்.

ஒஸ்லோவில் பாடசாலைத் தெரிவு அதிகம். தமிழ்ப் பாடசாலை உண்டு, அம்மெரூட்டில் சிவசுப்பிரமணியர் ஆலயம் உண்டு, நடன வகுப்பும் மிருதங்க வகுப்பும் உண்டு. கூடவே ஊர்க் கண்ணும் உண்டு. வடக்கில் நோர்வேஜியர் எல்லோரும் எங்களைக் கண்டார்கள். ஒஸ்லோவில் தமிழர் எல்லோரும் எங்களைக் காண்கிறார்கள். எந்தப் பார்வை பிள்ளைக்குப் பாரம் என்று பிள்ளையையே கேளுங்கள்.

முதுமையில்

பின்மார்க்கில் ஹமர்பெஸ்ட், கிர்கனஸ் இரண்டு இடங்களில் வைத்தியசாலை உண்டு. பெரிய சிகிச்சைக்குத் துறொம்சோவுக்குப் பறக்க வேண்டும். குளிர்காலப் புயலில் அந்த விமானமும் நின்றுவிடும். இருதய வருத்தம், சிறுநீரக வருத்தம் உள்ள அம்மா அப்பாவை வைத்திருப்பவர்கள் இதை நினைக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் விடயத்தில் ஊர் வித்தியாசம் இல்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, தேவையானபோது தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வது அலுவலகத்தின் கடமை. சில விதிவிலக்குகள் தவிர, பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்க்கவும் கூடாது. தொலைபேசியிலாவது கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் ஆட்களுக்கு ஊர் என்றால் ஒழுங்கையும் வேலியும் மட்டுமல்ல. நல்லது கெட்டதுக்கு யார் வருவார்கள் என்பதுதான். வடக்கில் ஒரு தமிழர் காலமானபோது காவ எட்டுப் பேர் வந்தோம், அதில் ஐந்து பேர் நோர்வேஜிய மீனவர்கள். ஒஸ்லோவில் ஒரு செத்தவீட்டுக்கு முந்நூறு பேர் வருவார்கள். ஆனால் நடக்க முடியாத ஒரு கிழவிக்கு மூன்றாம் மாடியில் பால் வாங்கிக் கொடுக்க ஒருவரும் இல்லாத கட்டடமும் இதே ஒஸ்லோவில் இருக்கிறது. ஆகவே எந்த ஊர் என்று முடிவெடுத்த பின்பும், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பெயர் சொல்லும் வேலை உங்களுக்கு இருக்கிறது. அதை எந்தக் கொம்யூனும் உங்களுக்காகச் செய்து தராது.

சின்ன ஊரில் இப்போதும் வாழும் நேயர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பினால், வரும் மாதம் அவற்றை வாசிக்கக் காத்திருக்கிறேன்.