புல்தரை மேட்டில், தண்ணீர் ரோட்டில்

சென்னை கத்திப்பாரா, மதுரவாயல் போன்ற குளோவர் இலை மேம்பாலங்களில், வளைந்து இறங்கும் ஒவ்வொரு சாலைக்கு நடுவிலும் வட்டமாக ஒரு நிலம் இருக்கும். இத்தகைய இடங்களை ‘அழகுபடுத்த’ டெண்டர் விட்டால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? மண் கொட்டி மேடாக்குகிறார்கள், புல்தரை போடுகிறார்கள், கலர் விளக்கு மாட்டுகிறார்கள், சுற்றிலும் கர்ப் கல் பதிக்கிறார்கள். மழை வந்தால் அந்த மேட்டுச் சேறும் ரோட்டுக்குத்தான் வரும். ஒரு ஹெக்டேர் தார்ச்சாலையில் 50 மி.மீ. மழை என்றால் 5 லட்சம் லிட்டர் தண்ணீர். அது இறங்க ஒரு பள்ளம் வேண்டாமா?

அந்த நிலத்தைச் சாலை மட்டத்துக்குக் கீழே கிண்ணம்போல் தோண்ட வேண்டும். கர்ப் கல்லில் இடைவெளி விட்டு, உள்ளே நுழையும் இடத்தில் வண்டல் தொட்டி வைக்க வேண்டும். சாலை நீரில் எண்ணெயும் டயர் துகளும் கலந்திருப்பதால் நேராக உறிஞ்சு கிணற்றில் விடக் கூடாது. வெட்டிவேர், கோரை வளர்ந்த மணல் படுகை வழியாக வடிய வேண்டும். களிமண் என்றால் அடியில் ஜல்லியும் துளைக்குழாயும் அவசியம். இரண்டு நாளில் வற்றினால் கொசுப் பயமில்லை. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மாதிரிப் பெருமழையை இது தாங்காது. அதற்கு ஏரியும் ஆறும்தான் வழி. வருடா வருடம் வண்டியை நிறுத்துகிற சாதாரண மழைக்கு இது பலன் தரும்.

இதெல்லாம் நடக்கும்வரை, சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வண்டியோடு இறங்காதீர்கள்: ஓரடி ஆழமே சிறிய காரை மிதக்கவைத்துவிடும். நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். அதனால் கெடும் இன்ஜினுக்குத் தனிப் பாதுகாப்பு எடுக்காத பாலிசியில் பெரும்பாலும் இழப்பீடு கிடைக்காது.

தண்ணீர் தேங்குவது பற்றிய புகாருக்குச் சென்னை மாநகராட்சி 1913, தேசிய நெடுஞ்சாலை 1033. ‘எங்கள் ரோடு இல்லை’ என்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் 6(3) பிரிவின்படி 5 நாளில் உரியவருக்கு அவர்களே அனுப்பியாக வேண்டும். பதிலுக்கு 30 நாள் கெடு. தேங்கும் நீர் பொதுத் தொல்லையானால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 152-வது பிரிவின் கீழ் கோட்டாட்சியரிடம் போகலாம். நிதியில்லை என்று உள்ளாட்சி கைவிரிக்க முடியாது என்பதை 1980-ல் ரட்லாம் நகராட்சி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தகவல் உரிமை மனுவில் பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். வடிகால் வரைபடம், கடைசியாகத் தூர் வாரிய தேதி, அந்த வேலைக்கான பில் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். மேம்பாலத் தூணில் இறங்கும் பிளாஸ்டிக் குழாய் பாதியில் உடைந்து ரோட்டில் கொட்டுகிறதா? தூண் எண் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துப் புகாரோடு இணையுங்கள்.