கொத்தமல்லி சிலருக்கு ஏன் சோப்பு மாதிரி இருக்கிறது?

சிங்கப்பூர் தேக்கா சந்தை உணவங்காடியில் ஒரே ரசத்தை ஒருவர் ‘பிரமாதம்’ என்பார். மற்றவர் ‘சோப்பு வாடை’ என்று கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். சமையல்காரர்மேல் பழி போடுமுன் மேலே மிதக்கும் கொத்தமல்லித்தழையைக் கவனிக்கவேண்டும். அதற்கு மணம் தரும் ஆல்டிஹைடு வகைச் சேர்மங்கள் சோப்பிலும் உண்டு. அவற்றை மூக்கு உணர உதவும் ஓஆர்6ஏ2 மரபணுவுக்கு அருகிலுள்ள ஒரு மாறுபாட்டுக்கும் இந்தச் சோப்புச் சுவைக்கும் தொடர்பிருப்பதை 2012இல் ஓர் ஆய்வு காட்டியது.

அப்படியானால் எல்லாம் பிறவிக்குணமா? இல்லை, மரபணுவின் பங்கு சிறிதே என்கிறது அதே ஆய்வு. கனடாவில் நடந்த இன்னோர் ஆய்வில் கொத்தமல்லி பிடிக்காதவர்கள் கிழக்காசிய வம்சாவளியினரில் 21 விழுக்காடு, தெற்காசியரில் 7தான். சிறுவயதிலிருந்தே சாப்பிட்டுப் பழகியதும் ஒரு காரணமாகலாம். பிடிக்காதவர்கள் தழையைத் துவையலாக அரைத்துப் பார்க்கலாம்: நசுங்கும்போது இலையின் நொதிகள் ஆல்டிஹைடுகளைச் சிதைப்பதால் வாடை தணியும்.