எல்ஜின் சாலை இல்லம்

பெரியார் ஒருவரின் வீட்டைக் காட்சிச்சாலையாக்குவோர்முன் ஒரு கேள்வி நிற்கும். அவர் கையாண்ட பொருள்களைக் காட்டிவிடலாம். அவர் செய்த செயலை எப்படிக் காட்டுவது? கட்டிலும் நாற்காலியும் தாமாகப் பேசா. இதற்குக் கல்கத்தாவின் எல்ஜின் சாலையிலுள்ள நேதாஜி பவன் தரும் விடையை நம் மன்ற நண்பர்கள் ஒவ்வொருவரும் நேரிற் சென்று காணவேண்டும் என்பது என் அவா.

1909-இல் சுபாஷ் சந்திர போஸின் தந்தையார் ஜானகிநாதர் கட்டிய இல்லம் இது. சுபாஷின் படுக்கையறை அவர் வாழ்ந்த காலத்துப் பாங்கிலேயே பேணப்பட்டு வருகிறது. அவ்வறையிலிருந்து தரையில் காலடித் தடங்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தொடர்ந்து நடந்தால் மாடியைவிட்டு இறங்கி, 'வாண்டரர்' என்னும் ஜெர்மன் மோட்டார் காரண்டை வந்து சேர்கிறோம். 1941 ஜனவரி 16-ஆம் நாள் நள்ளிரவுக்குப்பின் அவர் வெளியேறிய வழி அதுவே!

நான் விஞ்ஞான மாணவன். கருவியைப் பார்த்த அளவில் சோதனை விளங்கிவிடாது. எதன்பின் எது நிகழ்ந்தது என்ற வரிசையும் தெரியவேண்டும். அவ்வரிசையைத்தான் இத்தடங்கள் தருகின்றன. சிறையில் உண்ணாநோன்பு தொடங்கிய சுபாஷ், 1940 டிசம்பர் 5-இல் விடுவிக்கப்பட்டு வீடு வந்தார். வீட்டைச் சுற்றி ஒற்றர் காவல். அவர் திரைக்குப்பின் தனித்திருந்து, எவரையும் காணாது விரதம் இருப்பதாகச் செய்தி பரப்பினார். பின்னர் முகம்மது ஜியாவுத்தீன் என்ற காப்பீட்டு முகவராக வேடம் பூண்டு புறப்பட்டார். காரை ஓட்டியவர் அண்ணன் மகன் சிசிர். மருத்துவ மாணவர்; வயது 20! நம்மில் பலரினும் இளையவர். தன்பாத் அருகே ஒரு பகல் தங்கி, மறுநாள் இரவு கோமோ நிலையத்தில் சிற்றப்பாவை ரயிலேற்றினார். ஏப்ரல் 2-இல் சுபாஷ் பெர்லின் அடைந்தார்.

ஆனால், அந்த அறையில் என்னை நிறுத்தியது வேறொன்று. காலடிகள் சென்றவரைக் காட்டுகின்றன. இருந்து காத்தவரைக் காட்டா. சுபாஷ் போனபின்னும் அவ்வறைக்கு உணவு வழக்கம்போல் சென்றது. மறைபொருள் அறிந்த அண்ணன் மகள் இளாவும் உடனிருந்த இளைஞரும் அதனை உண்டனர். ஜனவரி 26-ஆம் நாளன்றுதான் அவர் இல்லையென்பது வெளிப்பட்டது. காலிக் கட்டிலைக் காத்த அந்நாள்கள் இல்லையேல், ஓடிய காருக்குப் பயன் ஏது? ஆகவே, அங்குச் செல்வோர் தடத்தைத் தொடருமுன், ஆளற்ற அந்த அறையைச் சற்று நின்று காண்க.

தமிழராகிய நமக்கு இன்னோர் உறவும் உண்டு. 1943-இல் நீர்மூழ்கிக் கப்பலில் ஜெர்மனியை விட்டுக் கிழக்காசியா வந்த சுபாஷின் பின்னே, மலேயாவின் ரப்பர்த் தோட்டத் தமிழர் பெருந்திரளாய் இந்திய தேசிய இராணுவத்தில் அணிவகுத்தனர். ஜான்சி ராணிப் படையிலும் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். அப்படையின் தலைவி லட்சுமி சென்னையிற் பிறந்தவர்.

1957-இல் நேதாஜி ஆராய்ச்சி நிலையத்தை இவ்வில்லத்தில் நிறுவியவரும் அன்று காரோட்டிய சிசிரே. 2017-இல் அந்தக் கார் செப்பனிடப்பட்டு மீண்டும் பொலிவு பெற்றது. அயலூரில் கல்வி கற்கும் நமக்கு விடுமுறை நாள் ஒன்று போதும். கூட்டமாகச் செல்லுங்கள், ஆனால் அந்தப் படுக்கையறையில் ஒவ்வொருவராக நில்லுங்கள்.