டிக்கெட்டா, சந்தாவா?

'மாசம் 200 ரூபாய் சந்தா கட்டினா வீட்டிலேயே படம்! குடும்பத்தோட தியேட்டருக்குப் போனா பாப்கார்னுக்கே அது பத்தாது' என்று கணக்குச் சொல்லாத மயிலாப்பூர் மாமா உண்டா?

எண்பதுகளில் வீடியோ லைப்ரரிக்காரர்களும் இதே கணக்கைத்தான் சொன்னார்கள். டெபாசிட் கட்டினால் காஸெட்; டெக் இல்லாதவர்களுக்கு அதுவும் வாடகைக்கு. காலையில் திருப்பித் தரணுமே என்று மூன்று படத்தையும் விடிய விடியப் பார்த்தார்கள். (இன்றைய சந்தாவில் அந்த பயமே இல்லை. எந்தப் படம் பார்க்கலாம் என்று தேடுவதிலேயே ராத்திரி பதினொன்று ஆகிவிடுகிறது!)

'விஸ்வரூப'த்தை முதலில் டி.டி.எச்.சில் காட்டப்போவதாகக் கமல் 2012-ல் சொன்னதற்கே தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். கொரோனாவில் தியேட்டர்கள் பூட்டிக் கிடந்த 2020 மே மாதம், 'பொன்மகள் வந்தாள்' நேராக அமேசான் பிரைமுக்கே போய்விட்டது.

மாமா கணக்கில் விட்டுப்போனது தூரம். மயிலாப்பூர் கபாலி, காமதேனு, பாண்டி பஜார் ராஜகுமாரி, அடையாறு ஈராஸ்... எதுவும் இன்று இல்லை. தி.நகரில் நாகேஷ் கட்டிய தியேட்டர் கல்யாண மண்டபமாயிற்று. சமையலை முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டு மாமியோடு மேட்னிக்கு நடந்தே போய்வந்த பாட்டிகள், இப்போது மாலுக்குப் போக ஆட்டோவும் வேண்டும், துணைக்கு ஆளும் வேண்டும். வீட்டுச் சந்தாவோ பேரன் பெயரில். பாஸ்வேர்டும் அவனுக்குத்தான் தெரியும்.

'ஒரு சிவாஜி படம் போடேன்டா!'

'இரு பாட்டி, மேட்ச் முடியட்டும்.'