குறைந்த விலையில் நல்ல ஹெட்போன்: தேர்ந்தெடுப்பது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

முன்னுரை

மனிதன் ஐம்பொறிகளின் வாயிலாக உலகை அறிகின்றான். அவற்றுள் கல்விக்குக் கண்ணுக்கு அடுத்தபடியாகத் துணை நிற்பது காது. திருவள்ளுவர் 'கல்வி' என்ற அதிகாரத்தோடு நில்லாமல், 'கேள்வி' என்று தனியே ஓர் அதிகாரமும் வகுத்தார். நூல்களைக் கற்காதவனும் கற்றோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாடத்தில் ஐயம் வந்தால் வீட்டில் கேட்க ஆள் இல்லாத என்னைப் போன்றோர்க்கு, கைப்பேசியில் வரும் பாடங்களே இரண்டாவது ஆசிரியர். அவற்றை நெரிசலான பேருந்திலும் விடுதி அறையிலும் பிறருக்குத் தொல்லையின்றிக் கேட்க உதவும் கருவிதான் ஹெட்போன் என்னும் காதொலிப்பான்.

இதை வாங்கும்போது பெரும்பாலோர் பார்ப்பது நிறத்தையும் விளம்பரத்தையும் தாம். நம் கையில் இருப்பதோ சில நூறு ரூபாய். அந்தப் பணத்திற்குள் நல்லதை எவ்வாறு தேர்ந்தெடுக்கலாம் என்பதை, வகுப்பில் படித்த இயற்பியலைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாறு

1910ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் என்பவர், தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை அந்நாட்டுக் கடற்படைக்கு அளித்தார். கம்பியில்லாத் தந்திச் செய்திகளைக் கேட்க அவை பயன்பட்டன. 1937இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் இயங்கு சுருள் முறையில் அமைந்த டி.டி. 48 என்ற ஹெட்போனை வெளியிட்டது. 1958இல் அமெரிக்கரான ஜான் காஸ் ஸ்டீரியோ இசை கேட்பதற்கென்றே ஒன்றை அறிமுகப்படுத்தினார். 1979 ஜூலையில் ஜப்பானின் சோனி நிறுவனம் 'வாக்மன்' கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனுடன் வந்த எடை குறைந்த ஹெட்போனே, நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. 1984இல் வந்த காஸ் போர்ட்டா புரோ என்னும் சிறிய ஹெட்போன் ஏறக்குறைய அதே வடிவில் இன்றும் விற்கப்படுகிறது. நல்ல அமைப்பு எளிதில் பழமையாவதில்லை என்பதற்கு அது சான்று.

அமைப்பு

பழுதான ஹெட்போன் ஒன்றை நான் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தவை மூன்றே பொருள்கள்: மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு, அதன் பின்புறம் ஒட்டப்பட்ட மயிரிழை போன்ற செம்புக் கம்பிச் சுருள், சிறிய ஆனால் வலிமையான காந்தம். பாட்டிற்கும் பேச்சிற்கும் ஏற்ப மாறும் மின்னோட்டம் சுருளில் பாயும்போது, ஃபிளெமிங்கின் இடக்கை விதிப்படி சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. சவ்வும் உடன் அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. கோவில் திருவிழாவில் கட்டும் ஒலிபெருக்கியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றது.

இந்த மூன்று பொருள்களும் இன்று ஏராளமாகவும் மலிவாகவும் செய்யப்படுகின்றன. ஆகவே விலை குறைந்த ஹெட்போன் தரம் குறைந்ததாகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டியதில்லை. காதில் பொருந்தும் விதம், வயரின் உறுதி, இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஒலிப்பது ஆகிய மூன்றிலும்தான் ஒன்றுக்கொன்று வேறுபாடு மிகுதி.

பெட்டியில் காணும் எண்கள்

'20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்று ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளிலும் அச்சிட்டிருப்பார்கள். அது மனிதக் காதின் எல்லை. அந்த எல்லைக்குள் எந்த அதிர்வெண் எவ்வளவு கூடுகிறது, எவ்வளவு குறைகிறது என்று சொல்லாதவரை அவ்வெண்ணால் பயன் இல்லை. சவ்வின் விட்டத்தை மில்லிமீட்டரில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். சவ்வு பெரிதாக இருப்பதனால் மட்டும் ஒலி சிறந்துவிடாது.

கவனிக்கத்தக்க எண்கள் இரண்டு. ஒன்று ஓம் அளவில் தரப்படும் மின் எதிர்ப்பு. கைப்பேசிக்கு 16 அல்லது 32 ஓம் ஏற்றது. பதினாறு ஓம் என்று அச்சிட்ட ஒன்றை எங்கள் ஆய்வகத்தில் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். நேர்மின்னோட்டத்திற்கு ஏறக்குறைய அதே அளவே காட்டியது. மற்றொன்று உணர்திறன். ஒரு மில்லிவாட் மின்திறனுக்கு எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கிறது என்பதே அது. சிலர் மில்லிவாட்டுக்குப் பதிலாக ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு என்று போடுவார்கள். 16 ஓம் ஹெட்போனுக்கு அவ்வாறு போட்டால் எண் 18 டெசிபல் கூடுதலாகத் தெரியும். பொருள் அதேதான். ஆகவே இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது அலகைப் பார்த்து ஒப்பிட வேண்டும்.

உணர்திறன் 100 டெசிபல் என்று கொள்வோம். ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்றால், மின்திறனைப் பத்தில் ஒன்றாக்கும்போது 90 டெசிபல், நூறில் ஒன்றாக்கும்போது 80 டெசிபல். அதாவது 0.01 மில்லிவாட் இருந்தாலே காதுக்குத் தாராளம்! எந்தக் கைப்பேசியும் இதைவிடப் பலமடங்கு தரும். எனவே சத்தத்திற்காக நாம் பணம் கொடுக்க வேண்டியதே இல்லை. 'அதிக சத்தம்', 'அதிரும் பேஸ்' என்ற சொற்களுக்கு மயங்காதிருப்பது முதல் பாடம்.

காதும் காலக்கணக்கும்

நம் உட்செவியில் நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதில் ஏறக்குறைய 15,000 மயிரிழைச் செல்கள் உள்ளன. ஒலி அதிர்வை நரம்புக்குரிய மின்துடிப்பாக மாற்றுபவை அவையே. மனிதருக்கு இச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஓர் எல்லை கூறுகிறது. 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் இருமடங்காவதால், நேரம் பாதியாகக் குறையும்.

80 டெசிபல் — வாரத்திற்கு 40 மணி
83 டெசிபல் — 20 மணி
86 டெசிபல் — 10 மணி
89 டெசிபல் — 5 மணி
92 டெசிபல் — 2½ மணி
95 டெசிபல் — 1¼ மணி

எங்கள் ஊர் விசைத்தறி ஊர். தறிக்கூடத்து இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது உண்டு. என் தந்தையார் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தறி ஓட்டுகின்றார். இப்போது யாரோ பேசுகிறார்கள் என்பது அவருக்குக் கேட்கிறது. என்ன பேசுகிறார்கள் என்பது விளங்குவதில்லை. பேரிரைச்சல் முதலில் தாக்குவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. ச, ஸ, ஷ போன்ற ஒலிகளும், ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யெழுத்து ஒலிகள் பலவும் அந்த உயர்ந்த அதிர்வெண்களை நம்பியே உள்ளன. அதனால்தான் குரல் கேட்டும் சொல் விளங்காமல் போகின்றது. 'சம்பளம் வந்ததா?' என்று கேட்டால் 'சாப்பிட்டேன்' என்பார். வீட்டில் நாங்கள் சிரிப்பதில்லை. அவர் அந்தச் சத்தத்தைப் பிழைப்புக்காக ஏற்றுக்கொண்டார். அந்தப் பிழைப்பில்தான் நான் படிக்கின்றேன். அதே சத்தத்தை நானே காசு கொடுத்து வாங்கிக் காதில் மாட்டிக்கொள்வது எவ்வகையில் நியாயம்?

இதிலிருந்து தேர்வுக்கான விதி ஒன்று கிடைக்கின்றது: குறைந்த ஒலியில் தெளிவாகக் கேட்க விடுவதே நல்ல ஹெட்போன்.

வகைகள்

இவ்விதியை வைத்து வகைகளை நோக்குவோம்.

முதல் வகை, காதின் வாயிலில் தொங்கும் பட்டன் வடிவ இயர்போன். உறுத்தாது, மலிவு. ஆனால் காதை மூடாது. வெளி இரைச்சல் முழுவதும் உள்ளே வரும். அமைதியான அறைக்கு இது போதும்.

இரண்டாம் வகை, சிலிக்கான் ரப்பர் முனையுடன் காதுத் துளைக்குள் பொருந்துவது. சரியான அளவு முனையைப் போட்டால் வெளி இரைச்சலை நன்கு தடுக்கும். பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று இணைகள் இருக்கும். பலர் முதலில் மாட்டியிருப்பதை அப்படியே பயன்படுத்தி, மற்றவற்றைத் தூக்கி எறிந்துவிடுகின்றனர். முனைக்கும் தோலுக்கும் இடையில் காற்றுக் கசிந்தால் தாழ்ந்த ஒலிகள் மறைந்துவிடும். கேட்பவர் 'பேஸ் இல்லை' என்று ஒலியைக் கூட்டுவார். முனையை மாற்றினாலே அக்குறை தீரும். இடக்காதுக்கும் வலக்காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவதும் உண்டு.

மூன்றாம் வகை, தலைப்பட்டையுடன் காதின் மேல் அமர்வது. நான்காம் வகை, காதை முழுதும் சூழ்ந்து மூடுவது. நான்காவது வசதியானது, ஆனால் பையில் இடம் பிடிக்கும், நம் வெயிலில் வியர்க்கும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். பேருந்தின் இரைச்சல் 75 டெசிபல் என்று கொள்வோம். காதை மூடாத இயர்போனில் பாடம் விளங்க 86 டெசிபல் வரை கூட்ட நேரும். போக வர நாளுக்கு இரண்டு மணி, வாரம் ஆறு நாள் என்றால் 12 மணி நேரம். மேற்கண்ட பட்டியலில் 86 டெசிபலுக்கு உரியது 10 மணிதான். எல்லை மீறிவிட்டது. சரியான ரப்பர் முனை 15 டெசிபல் இரைச்சலைத் தடுக்குமானால், 71 டெசிபலிலேயே அதே தெளிவு கிடைக்கும். இரண்டின் விலையும் ஏறக்குறைய ஒன்றே!

வயரா, புளூடூத்தா?

வயர் உள்ளதற்குச் சார்ஜ் வேண்டாம், ஒலி தாமதமின்றி வரும், விலையும் குறைவு. வாங்குமுன் கைப்பேசியில் 3.5 மில்லிமீட்டர் துளை உள்ளதா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில் டைப்-சி முனையுள்ள இயர்போன் வாங்கலாம். இணைப்பான் வாங்குவோர் அதைக் கடையிலேயே தம் கைப்பேசியில் செருகிப் பார்ப்பது நன்று. ஓர் இணைப்பான் எல்லாக் கைப்பேசிக்கும் வேலை செய்வதில்லை.

புளூடூத் வகையில் சிக்கும் வயர் இல்லை. ஆனால் அதன் உள்ளே உள்ள சிறு பேட்டரி ஆண்டுகள் செல்லச் செல்ல வலுவிழக்கும், மாற்றுவதும் கடினம். கழுத்தில் மாட்டும் நெக்பேண்டில் பேட்டரிக்கு இடம் அதிகம். ஒன்று தொலைந்து மற்றொன்று மிஞ்சும் கவலையும் இல்லை. இரைச்சலை எதிரலையால் குறைக்கும் வசதி இப்போது குறைந்த விலையிலும் வருகிறது. எஞ்சினின் தாழ்ந்த உறுமலை அது குறைக்கும். பேச்சொலியைத் தடுக்க அப்போதும் ரப்பர் முனையே வேண்டும். படிப்பதற்காகவும் சிக்கனத்திற்காகவும் என்றால், என் ஓட்டு வயருக்கே.

கடையில் சோதிக்கும் முறை

1. நன்கு பழகிய ஒரு பாட்டையும், ஒருவர் மட்டும் பேசும் பாடம் ஒன்றையும் கைப்பேசியில் வைத்துக்கொண்டு செல்லுங்கள். புதிய பாட்டில் குறை தெரியாது.

2. பேச்சை ஓடவிடுங்கள். குரல் தலையின் நடுவில் கேட்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இரு பக்க ஒலியும் சமமில்லை. எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் பரவினால், ஒரு பக்கத்து இணைப்பு தலைகீழாக உள்ளது.

3. ஒலியைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். அப்போதும் சொற்கள் பிரிந்து கேட்கின்றனவா என்று கவனியுங்கள். இதுவே முதன்மையான சோதனை.

4. செருகும் முனையின் அருகிலும், வயர் இரண்டாகப் பிரியும் இடத்திலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். கரகரத்தாலோ ஒலி விட்டு விட்டு வந்தாலோ வேண்டாம். பெரும்பாலான இயர்போன்கள் சாவது இவ்விடங்களில்தான். 'எல்' வடிவ முனை சட்டைப்பைக்கு நல்லது.

5. கழற்றிச் சோதிக்கக் கடைக்காரர் சம்மதிக்காவிட்டால், மாற்றித் தரும் உறுதியையாவது பில்லில் எழுதி வாங்குங்கள்.

பாதுகாக்கும் முறை

வயரைக் கைப்பேசியின் மேல் இறுகச் சுற்றாமல், தளர்ந்த வளையமாகச் சுருட்டி வைக்க வேண்டும். கழற்றும்போது வயரை இழுக்காமல் முனையைப் பிடித்து இழுக்க வேண்டும். ரப்பர் முனைகளைத் தனியே கழற்றிச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தலாம். வேறொருவர் காதில் இருந்ததை அப்படியே வாங்கி நம் காதில் வைப்பது நலமன்று. கைப்பேசியின் ஒலி அளவை உச்சத்தில் 60 விழுக்காட்டுக்குள் வைக்குமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. சாலையைக் கடக்கும்போதும் ரயில் பாதை அருகிலும் இரு காதுகளையும் திறந்து வைப்பது உயிருக்குக் காப்பு.

முடிவுரை

சில நூறு ரூபாயில் நல்ல ஹெட்போன் கிடைக்கும். காதுக்கேற்ற முனை, சமமான இரு பக்கங்கள், உறுதியான வயர் ஆகிய மூன்றையும் பார்த்து வாங்கினால் போதும். கெட்டுப்போனால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். மயிரிழைச் செல்களை விற்கும் கடை எந்த ஊரிலும் இல்லை. ஆகவே நண்பர்களே, நிறையக் கேளுங்கள். குறைந்த ஒலியில் கேளுங்கள்.